மூன்றாம் முறையும் ஒழுகிய பைப்

விடியப்புறம். முற்றத்து வெள்ளை மணலில் சிவப்பாகச் சில துளிகள் கிடந்தன.

முதலில் மீன் இரத்தம் என்றுதான் நினைத்தேன். என் பிக்கப் நிற்கிற இடத்தில் மீன் இரத்தம் கிடப்பது புதினமல்ல. ஐஸ் உருகிப் பலகை இடுக்கால் சிவப்புத் தண்ணீராகச் சொட்டும். அதை நக்கியே ஒரு நாய் எங்கள் வளவில் கொழுத்துப்போய் இருந்தது.

அன்றைக்கு அந்த நாய் வந்து மணந்து பார்த்தது. ஒரு தும்மல் தும்மியது. திரும்பிப் போய் வேலியடியில் படுத்துவிட்டது.

நாய் நக்காத இரத்தம் மீன் இரத்தமாக இருக்காது. குனிந்து விரலால் தொட்டேன். வழுக்கியது. மூக்கில் வைத்தேன். ஸ்டியரிங் ஒயில்.

வாகனம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு சொல். என்னுடையது பழைய ஜப்பான் பிக்கப். அதைத் திருப்ப மனிதன் தோள் கொடுக்கத் தேவையில்லை. எஞ்ஜினோடு சேர்ந்து ஒரு பம்ப் சுழலும். அது இந்தச் சிவப்பு ஒயிலை ஒரு பைப் வழியாக அமுக்கி அனுப்பும். அந்த அமுக்கந்தான் முன்சில்லைத் திருப்புவது. பைப்பின் இரண்டு முனையும் இரும்பு, நடுவில் இறப்பர். இரும்பும் இறப்பரும் சேருகிற இடத்தில் ஒரு வளையம் போட்டு நெரித்திருப்பார்கள்.

பொனட்டைத் திறந்து பார்த்தேன். அந்த வளையத்தடியில் இறப்பர் வெடித்திருந்தது. கத்தி வைத்ததுபோல ஒரு கீறல்.

கத்தி என்ற எண்ணம் வந்த பிறகு எனக்கு வேறு எண்ணம் வரவில்லை.

சந்தேகந்தான் என் முதல்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மீன்பெட்டியைச் சைக்கிளில் கட்டிப் பேசாலையிலிருந்து மன்னார்ச் சந்தை வரை மிதித்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். திரும்ப எழுதினால் ஆசிரியர் வெட்டுவார். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். அதே வீதியில் பிறகு நான் சொந்தப் பிக்கப்பில் போனது என் ஒருவனின் புத்தியால். அப்பன் தந்த காணி இல்லை. வெளிநாட்டில் அண்ணன் தம்பி இல்லை.

என்ன புத்தி என்று கேட்டால், சந்தேகம். வேறொன்றுமில்லை.

ஒருமுறை ஒருவன் எனக்குப் பெரிய சுறா ஒன்று விற்க வந்தான். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். சுறாவின் வயிறு அப்படிக் கனக்காது. கீறச் சொன்னேன். உள்ளே அடைத்திருந்த கடற்கரை மணல் கொட்டியது. அவன் மணலை எனக்கு நிறுத்து விற்கப் பார்த்திருக்கிறான். அன்றைக்குக் கரையில் நின்றவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். கண்டுபிடித்தவன் நான்.

சண்டைக் காலத்தில் ஒரு பக்கத்தார் என் ஐஸ்பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு விட்டார்கள். மறுபக்கத்தார், அவர்கள் ஏன் உன்னை விட்டார்கள் என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் சந்தேகித்த ஆள் உயிரோடு இருக்கிறேன் என்றால், அவர்களைவிட நான் கூடச் சந்தேகித்ததால்தான்.

பிக்கப்பை வாங்கும்போதும் அப்படித்தான். சண்டை முடிந்து ஒரு தொண்டு நிறுவனம் தன் பழைய வாகனங்களை விற்றுவிட்டுப் போனது. மற்றவர்கள் பூச்சைப் பார்த்தார்கள். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே படுத்து ஊர்ந்தேன். உப்புத் தின்னாத வாகனம் அதுவொன்றுதான் நின்றது. அதை எடுத்த நாள் முதல் என்னைத் தவிர ஒருவரும் அதை ஓடியதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுபியானின் கொட்டில்

அப்போது நான் கிழமையில் பல நாட்கள் சிலாவத்துறைக்குப் போய் மீன் எடுத்து வருவேன். பாலம் கடந்து, வங்காலை, அரிப்பு தாண்டிப் போகவேண்டும். புத்தளத்திலிருந்து திரும்பி வந்த சனம் பற்றை வெட்டி வீடு போட்டுக்கொண்டிருந்த காலம்.

ஒயில் ஒழுகிய அன்றும் போனேன். அரிப்பு தாண்டும்போது ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்து இழுத்துச் சிலாவத்துறை போய்ச் சேர்ந்தேன். கரையில் நின்றவர்கள் ஒரு தகரக் கொட்டிலைக் காட்டினார்கள். சுபியான் என்று ஒருவன் புதிதாகக் கராஜ் போட்டிருக்கிறான் என்றார்கள்.

முப்பது, முப்பத்தைந்து வயது ஆள். மெலிந்த உடம்பு, நீண்ட நாக்கு. மனைவி பிள்ளைகள் இன்னும் புத்தளத்தில். கராஜ் பிடித்துவிட்டால் கூட்டி வருவேன் என்றான். பொனட்டுக்குள் தலையை விட்டபடியே கேட்டான்:

"முதலாளிக்கு ஆர் எதிரி?"

"ஏன் கேக்கிறாய்?"

"பைப்பைப் பாக்கிற அதே பார்வையாலதான் என்னையும் பாக்கிறியள். அதுதான் கேட்டனான்."

"இது வெட்டினதோ, வெடிச்சதோ? அதைச் சொல்லு."

"வெட்டினவன் இவ்வளவு பாடுபட்டு உள்ளுக்குக் கை விட்டு வெட்ட மாட்டான். ரயரைக் குத்திப்போட்டுப் போவான்."

எனக்கு அது பிடிக்கவில்லை. வெட்டியவன் எப்படி வெட்டுவான் என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

வேறொரு வாகனத்தில் கழற்றிய பைப் ஒன்றைப் பூட்டினான். முன்சில்லு இரண்டையும் ஜாக்கியில் தூக்கி வைத்து, ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொன்னான். ஒயில் டப்பாவில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. குமிழி நின்றதும் கையைத் துடைத்தான்.

"பழசு. ஆனா நல்ல பழசு, முதலாளி. உங்களைப்போல ஓடும்."

கூட்டிய மணல்

என் சந்தேகம் முதலில் பேசாலையிலேயே ஒருவன்மேல் போனது. கொழும்புக் கம்பெனிக்கு மீன் எடுப்பவன். பெயர் வேண்டாம், அவன் பிள்ளைகள் இந்த இதழை வாசிக்கிறார்கள். நான் சிலாவத்துறைப் பக்கம் இறங்கியதிலிருந்து அவன் முகம் சரியில்லை.

அதனால் ஒவ்வொரு நாளும் பொழுதுபட முன்பு, பிக்கப்பைச் சுற்றி மணலை ஈர்க்குமாற்றால் கோடு கோடாகக் கூட்டிவிடுவேன். காலடி விழுந்தால் காலையில் தெரியும். ஆளின் காலைப் பார்த்து ஆளைச் சொல்ல எனக்குத் தெரியும். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு அது பெரிய வித்தையல்ல.

காலையில் பார்த்தால் நண்டு போன கோடு. ஒருநாள் கழுதைக் குளம்பு. மனிதக் கால் இல்லை.

பிலோமினா விளக்குமாற்றை என் கையிலிருந்து வாங்குவாள். பிலோமினா என் மனுசி. அதிகம் கதைக்காத ஆள்.

"இஞ்சாருங்கோ, முத்தம் கூட்டுறது என்ர வேலை. ஊர் பாத்தால் என்ன நினைக்கும்?"

"ஊர் நினைக்கிறதை நினைக்கட்டும். ஊருக்குள்ளதான் கள்ளன் இருக்கிறான்."

அவள் மிச்சத்தைக் கூட்டிவிட்டு உள்ளே போவாள்.

பகலில் எனக்குப் பயமில்லை. சிலாவத்துறையால் வந்ததும் வண்டியைப் பின்வளவுக் கிணற்றடியில் விட்டு, சாவியைச் சேட்டோடு கொழுவிவிட்டுச் சாப்பிட்டுப் படுப்பேன். பிலோமினா அதைக் கழுவி வைப்பாள். பக்கத்து ஐஸ் ஆலையின் ஜெனரேட்டர் அந்த நேரத்தில் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் எனக்கு நல்ல நித்திரை வரும்.

இரண்டு கிழமை போகவில்லை. திரும்பவும் சிவப்புத் துளி. அதே முனை, அதே வளையம்.

சுபியானிடம் கொண்டுபோனேன். இந்த முறை அவன் பகிடி விடவில்லை. பழைய இரும்பு முனைகளை அநுராதபுரத்துக்குக் கொடுத்தனுப்பி, புது இறப்பர் போட்டு நெரித்து எடுப்பித்துப் பூட்டினான்.

"புது இறப்பர், முதலாளி. இதுவும் ஒழுகினா இந்தக் கொட்டிலைக் கழட்டிப்போட்டுப் புத்தளத்துக்கே போறன்."

நாலுபேர் நிற்கும்போது சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அதுவும் ஒழுகியது.

கரையில் சொன்ன சொல்

இனி நான் எழுதுவதை என் சாதி சனம் விரும்பாது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

சண்டைக் காலத்தில் சிலாவத்துறை முஸ்லிம் சனத்தை ஆயுதக்காரர் ஊரைவிட்டுத் துரத்திய நாளில் இந்தக் கரையில் நாங்கள் இருந்தோம். எங்களிடம் துவக்கு இல்லை, அது உண்மை. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பல வருடம் கழித்துத் திரும்பி வந்த ஒருவன் என் வாகனத்தின் அடியில் படுத்திருக்கும்போது எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. அந்தக் கோபத்தை இவன் என் பைப்பில் தீர்க்கிறானோ? ஒருமுறை ஓடிய எண்ணம், மூன்றாவது முறை ஒயில் ஒழுகியபோது குந்திவிட்டது.

அடுத்த நாள் காலை பேசாலைக் கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. என் வாய் பெரிது. என் சொல்லுக்கு அங்கே மதிப்பும் பெரிது. எந்த மீன் ஐஸில் கிடந்தது, எது கிடக்கவில்லை என்று நான் சொன்னால் விலை இறங்கும்.

"சிலாவத்துறைக் கராஜுக்கு ஒருத்தரும் போகாதேங்கோ," என்றேன். "திரும்பத் திரும்ப வரவேணுமெண்டு வேணுமெண்டே பிழையாப் பூட்டிறான். ரெண்டு தரம் எனக்குச் செய்திட்டான்."

மரிசால் என்று ஒரு லொறிக்காரன். எதற்கும் தலையாட்டுபவன்.

"நானும் நினைச்சனான் முதலாளி," என்றான்.

"நீ எப்ப நினைச்சனி? உன்ர லொறி அங்கை ஒரு நாளும் போகேல்லையே."

"போகாமலே நினைச்சனான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தாலும் சொல் நின்றது. அந்தக் கிழமையிலிருந்து பேசாலை வாகனம் ஒன்றும் அந்தக் கொட்டிலுக்குப் போகவில்லை. வங்காலை வாகனங்களும் நின்றுவிட்டன.

கருகிய ஒயில்

ஒரு மத்தியானம் சுபியான் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றான். மோட்டார்சைக்கிள் ஹாண்டிலில் ஒரு பைப் தொங்கியது.

"உள்ளுக்கு வரலாமோ? இல்லாட்டி என்ர காலடியையும் பாக்கப் போறியளோ?"

மணல் கூட்டிய கதை சிலாவத்துறை வரை போயிருக்கிறது.

"என்னத்துக்கு வந்தனி?"

"கொட்டிலைக் கழட்டப் போறன். வாயால சொன்னனான்தானே. வேற வழியும் இல்லை, பத்து நாளா ஒரு சைக்கிள்கூட வரேல்ல. ஆனா ஏன் ஒழுகிச்செண்டு தெரியாமல் கழட்ட மாட்டன். மனுசிக்கு என்ன சொல்லுறது? ஒரு இறப்பர்க் குழாய் என்னைத் திருப்பி அனுப்பிப்போட்டுதெண்டோ?"

பொனட்டைத் திறந்தான். ஒயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியில் ஒயிலைத் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"என்ன நிறம்?"

"மண்ணிறம்."

"நான் விட்டது சிவப்பு. மணந்து பாருங்கோ."

கருகிய மணம். தாச்சியில் அடிப்பிடித்த எண்ணெய்போல.

"இது வெட்டினதும் இல்லை, பிழையாப் பூட்டினதும் இல்லை. கொதிச்சது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசி மட்டும் திருப்பினால் உய்ங் எண்டு ஒரு சத்தம் வரும். வந்தவுடன கொஞ்சம் திருப்பி விடவேணும். விடாமல் அப்பிடியே பிடிச்சு வைச்சால் பம்பின்ர அமுக்கம் முழுக்கப் பைப்புக்குத்தான். மணலுக்கை நிண்டு பிடிச்சால் இன்னும் மோசம்." கீழே குனிந்து முன்சில்லின் உட்பக்கத்தை விரலால் வழித்தான். ஈர மணல் வந்தது. "மணலுக்கை ஓடுறியளோ?"

"நான் தார் றோட்டை விட்டு இறங்கிறதில்லை. கரையிலகூடப் பெட்டியைத் தூக்கிவரச் சொல்லித்தான் ஏத்துறனான்."

"அப்ப வேற ஆர் ஓடுறது?"

"நான் மட்டுந்தான்."

"அப்ப ஸ்டியரிங்கைப் பிடிச்சு வைக்கிறது நீங்கள்."

"இவ்வளவு வருசமா ஓடுறன், எனக்கு நீ படிப்பிக்கிறியோ?"

"இல்லை முதலாளி. நான் போறன்."

பிலோமினா பிளேன்ரீ கொண்டுவந்தாள். அவன் வாங்கி நின்றபடியே குடித்தான். கொண்டுவந்த பைப்பைப் பூட்டினான், காற்றெடுத்தான். நாளையும் மறுநாளும் சாமான் கட்டிவிட்டுப் போய்விடுவேன் என்று அவளிடந்தான் சொன்னான், என்னிடமில்லை. அவள் கோப்பையை வாங்கும்போது ஏதோ சொல்ல வாய் எடுத்ததுபோல இருந்தது. பிறகு குசினிக்குப் போய்விட்டாள்.

பிடித்து வைக்கிற கை

அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை. கருகிய ஒயில் பொய் சொல்லாது. ஒருவன் கதையைச் சோடிக்கலாம், நிறத்தைச் சோடிக்க முடியாது. ஆரோ என் வாகனத்தை மணலில் ஓடுகிறார்கள். ஓடுகிறவருக்கு ஓட்டம் தெரியாது. திருப்பிவிட்டுப் பிடித்து வைக்கிறார்.

ஏன் பிடித்து வைக்கவேண்டும்?

இந்த இடத்தில்தான் மூன்றாம் வகுப்புப் படித்தவன் தன் மூளையைப் பாவித்தான். வாகனம் ஓடிப் பழகியவன் திருப்புவான், விடுவான். வாகனம் உடனே கேட்கும். உடனே கேட்காதது எது? வள்ளம். சுக்கானைத் தள்ளினால் வள்ளம் அந்த நொடியில் திரும்பாது. தள்ளிப் பிடித்துக்கொண்டு, முன்முனை அணியம் சுற்றி வரும்வரை காத்திருக்கவேண்டும். கை எடுத்தால் வந்த திருப்பமும் போய்விடும். கடலில் வளர்ந்த கைக்கு அது உடம்போடு வந்த பழக்கம்.

அப்படியானால் என் வாகனத்தை ஓடுவது சுக்கான் பிடித்த கை. நான் பிடித்ததில்லை. எனக்குக் கடலில் தலை சுற்றும், சத்தி எடுக்கும், அதனால்தான் நான் மீன் விற்கப் போனேன், பிடிக்கப் போகவில்லை. பேசாலையில் சுக்கான் பிடிக்காத ஆம்பிளைகளைத்தான் எண்ணலாம். அதனால் ஊர் முழுக்க என் சந்தேகத்துக்குள் வந்துவிட்டது.

அடுத்த நாள் சாப்பிட்டுப் படுத்தேன். கண்ணை மூடினேன், தூங்கவில்லை. ஜெனரேட்டர் இரையத் தொடங்கியது. கொஞ்சம் பொறுத்து எழும்பி, ஐஸ் ஆலை மதிலோரமாகச் சுற்றிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். கையில் ஒரு பொல்லு.

கிணற்றடிக்கும் பனைகளுக்கும் இடையில் பிக்கப் போய்க்கொண்டிருந்தது. ஆமை வேகம். பனையடியில் வந்ததும் ஸ்டியரிங் முழுவதும் வலப்பக்கம் திரும்பியது. திரும்பியபடியே நின்றது. உய்ங் என்ற சத்தம் ஜெனரேட்டர் இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது. சில்லு மணலைப் புரட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு உடம்பு, முழுப் பாரத்தையும் ஒரு தோளில் போட்டுச் சரிந்து, முன்பக்கம் சுற்றி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பிலோமினா.

அவள் தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை. சின்ன வயதில் தகப்பனோடு வள்ளத்தில் போய் வந்தவள். பெரிய பிள்ளையானதும் நிற்பாட்டிவிட்டார்கள். பிறகு ஊர் முழுக்கக் கடல் கடந்து இந்தியாவுக்கு ஓடிய நேரம், எங்கள் வள்ளத்து ஓட்டி பயத்தில் நடுங்கியபோது சுக்கானை வாங்கியது அவள். நான் அடிப்பலகையில் படுத்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுவதையும் சந்தேகித்தேன், இவளை நினைக்கவில்லை.

என்னைக் கண்டதும் எஞ்ஜினை நிற்பாட்டினாள். இறங்கவில்லை.

"பொல்லு என்னத்துக்கு?"

"கள்ளனுக்கு."

"அடிக்கிறதெண்டால் அடியுங்கோ. வண்டி இன்னும் கழுவேல்ல."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னால் சாவியைத் தருவியளோ?"

தந்திருக்கமாட்டேன்.

"அண்டைக்கு உங்களுக்கு நெஞ்சு நொந்து விழுந்த நேரம்," என்றாள், "வாகனம் வாசலில நிண்டது. நான் றோட்டில ஓடினன். ஆரோ ஒருத்தர் தன்ர வாகனத்தை நிற்பாட்டும் மட்டும் வெயிலுக்கை நிண்டு கையைக் காட்டினன். இன்னொருக்கா அப்பிடி ஓட மாட்டன்."

அந்த நெஞ்சு நோவைப் பற்றி நான் இந்தத் தொடரில் எழுதவில்லை. எழுதுகிற அளவுக்குப் பெரிதில்லை என்று நினைத்திருந்தேன்.

பொல்லைப் பனையில் சாத்தி வைத்தேன். பிறகு அவள்தான் தொடங்கினாள்.

"நான் பிடிச்சு வைச்சதாலதான் பைப் வெடிச்சதெண்டு நேற்றுத்தான் எனக்கு விளங்கினது. இண்டைக்கு விட்டுப் பழகத்தான் எடுத்தனான், கை கேக்குதில்லை. அந்தப் பெடியன் போகப் போறான்."

"நான் கரையில போய்ச் சொல்லுறன். பம்பில பிழை, அவனில பிழையில்லையெண்டு."

"பம்பில என்ன பிழை? பம்ப் பழுதெண்டால் அதையும் கண்டுபிடிக்கத் தெரியாதவனெண்டு அவனைத்தான் சொல்லுவினம்."

"அப்ப என்ன சொல்லச் சொல்லுறாய்? என்ர மனுசி எனக்குத் தெரியாமல் என்ர வாகனத்தை ஓடினவள், நான் பக்கத்திலயே படுத்துக் கிடந்தனான் எண்டோ? பேசாலைக் கரையிலயோ?"

"ஓம்," என்றாள்.

இடப்பக்கக் கதிரை

அன்று முழுவதும் யோசித்தேன். பெரிய பேர் எடுத்த மனிதனுக்கு அந்தப் பேரிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுப்பது லேசில்லை. சுறாவின் வயிற்றில் மணலைக் கண்டுபிடித்தவன், தன் வளவில் ஓடிய வாகனத்தைக் கண்டுபிடிக்க மூன்று பைப் வெடிக்கவேண்டியிருந்தது என்று கரை சிரிக்கும். சொல்லாமல் விட்டால் ஒருவன் கொட்டிலைக் கழற்றிக்கொண்டு போவான். அவன் பிள்ளைகள் புத்தளத்திலேயே கிடக்கும்.

மறுநாள் காலை சாவியைப் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு, இடப்பக்கம் ஏறி இருந்தேன். அந்தப் பக்கத்துக் கதவு எப்படித் திறப்பது என்றே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. லைசென்ஸ் இல்லாமல் அவள் ஓடியது பிழைதான், மறுக்கவில்லை. பிறகு எடுத்தாள். நான் மூன்றாம் தரத்தில் எடுத்ததை அவள் முதல் தரத்தில் எடுத்தாள்.

ஏலம் கூறுகிற இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிற்பாட்டச் சொன்னேன். கூறுகிறவன் கூறுவதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தான். மரிசால் தன் லொறியில் சாய்ந்து நின்றான்.

"என்ன முதலாளி, இண்டைக்கு நீங்கள் கிளீனரோ?"

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு இறங்காமலே, கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னேன்:

"சிலாவத்துறைப் பெடியன் நல்லாத்தான் பூட்டினவன். மூண்டு தரமும் நல்லாத்தான் பூட்டினவன். இவ மணலுக்கை ஓடிப் பழகினவ. சுக்கானைப்போல பிடிச்சு வைச்சதால வெடிச்சது. எனக்குத் தெரியாது. நான் படுத்துக் கிடந்தனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. இவர்கள் நம்பினார்களா, அல்லது நான் பேசாலையை விட்டு வெளியேறும்வரை அடக்கிக்கொண்டார்களா?

"பிள்ளை," என்று ஒரு கிழவர் பிலோமினாவைப் பார்த்துச் சொன்னார், "உன்ர அப்பனும் அப்பிடித்தான் பிடிக்கிறவன். விடவே மாட்டான்."

பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. பிலோமினா திரும்பிப் பார்க்காமல் நேரே ஓடினாள். வங்காலை தாண்டும்போது பின்னால் ஒரு லொறி வந்தது. முந்தவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை, விடாமல் ஹோன் அடித்துக்கொண்டே வந்தது. பொம்பிளை ஓடுகிறாள் என்று பகிடி பண்ணுகிறான் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். மரிசால்.

"நிற்பாட்டு, நான் அவனோட கதைக்கிறன்," என்றேன்.

"ஓடுற ஆள் நான்," என்றாள்.

சிலாவத்துறையில் சுபியான் ஏணியில் ஏறி நின்று கூரைத் தகரத்தின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். முதுகு எங்களுக்கு. பாதித் தகரம் கீழே அடுக்கியிருந்தது. பிலோமினா வளவுக்குள் திருப்பினாள். திருப்பிப் பிடித்து வைத்தாள். உய்ங் என்றது.

"விடுங்கோ, விடுங்கோ, பிடிச்சு வைக்காதேங்கோ," என்றான் அவன், திரும்பிப் பாராமலே.

பிறகு திரும்பினான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தான். இடப்பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தான். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றான்.

"கரையில சொல்லிப்போட்டுத்தான் வாறம்," என்றேன். "எல்லாருக்கும் முன்னால."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

அவன் நம்பியதாகத் தெரியவில்லை. நான் என்றாலும் நம்பியிருக்கமாட்டேன். ஏணியில் அடுத்த ஆணிக்குக் கையை நீட்டினான்.

அப்போதுதான் மரிசாலின் லொறி வளவுக்குள் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. அவன் இறங்கிச் சாரத்தைச் சரிபண்ணிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் நேரே ஏணியடிக்குப் போனான்.

"தம்பி, ஒருக்கா இறங்கி வாரும். என்ர லொறியில ஹோன் அடிக்குதில்லை."

நான் வாயைத் திறந்தேன். பிலோமினா என்னைப் பார்த்தாள். மூடினேன்.

சுபியான் லொறியைப் பார்த்தான், மரிசாலைப் பார்த்தான், வெயில் விழுகிற தன் பாதிக் கூரையைப் பார்த்தான். சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கத் தொடங்கினான்.

"எத்தினை நாளா அடிக்கேல்ல?"

"கன நாளாய்," என்றான் மரிசால்.